குருத்தெலும்பை வளர்ப்பதும் நிறுத்துவதும்

1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள் நம் முழங்காலைப் பற்றி ஒரு செய்தி சொல்லும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த வெடிப்புகளால் காற்றில் கார்பன்-14இன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. பயிர் வழியாக உணவிலும், உணவு வழியாக உடலிலும் அது சேர்ந்தது. 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தது. அதனால் ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசு எந்தக் காலத்தில் உருவானது என்று கணக்கிட்டுவிடலாம்.

டென்மார்க் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். 1935க்கும் 1997க்கும் இடையில் பிறந்த 23 பேரின் முழங்கால் குருத்தெலும்பை எடுத்து அளந்து, முடிவை 2016இல் வெளியிட்டார்கள். குருத்தெலும்பின் கட்டுமானப் பொருளான கொலாஜன் இளம்பருவத்தில் உருவானதோடு சரி. அதன் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. தேய்மானம் வந்த மூட்டிலாவது உடல் புதிதாக ஏதாவது செய்து பார்த்திருக்குமா என்று தேடினார்கள். அங்கும் அதே கதைதான். எழுபது வயதில் ஒருவர் நடப்பது பதினேழு வயதில் கட்டிமுடித்த குருத்தெலும்பின் மேல்.

இதற்குக் காரணம் குருத்தெலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. முழங்காலில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்தப் படலத்தில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. முக்கால் பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் இழைகளும், அவற்றுக்கிடையே நீரை இழுத்துப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சேர்மங்களும். செல்கள் மிகக் குறைவு. பெரியவர்களில் கன அளவில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இருக்காது. விரலில் வெட்டுப்பட்டால் முதலில் இரத்தம் வருகிறது. அந்த இரத்தத்தோடுதான் பழுதுபார்க்கும் செல்களும் வருகின்றன. குருத்தெலும்பில் கீறல் விழுந்தால் யாரும் வருவதில்லை. நரம்பில்லாததால் வலியும் தெரியாது. வலி தெரிய வரும்போது சேதம் அடியிலுள்ள எலும்புவரை போயிருக்கும், அல்லது மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கியிருக்கும். ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் வில்லியம் ஹண்டர் 1743இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், அழிந்த குருத்தெலும்பு மீண்டு வருவதில்லை என்று பதிவு செய்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர். ஹண்டர் சொன்னது அவர்கள் எல்லோருக்கும் இன்னும் பொருந்துகிறது.

ஆனாலும் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற அறுவை மருத்துவர் 1980களில் ஒரு வழி கண்டார். சேதமான இடத்தில், அடியிலுள்ள எலும்பில் கூரிய கருவியால் சிறு துளைகள் போட்டால், மஜ்ஜையிலிருந்து இரத்தமும் செல்களும் கசிந்து வந்து உறைந்து, மெல்ல ஒரு திசுவாக மாறும். எளிமையானது, செலவு குறைவு. குறை என்னவென்றால், வளர்வது அசல் குருத்தெலும்பு அல்ல. தழும்புக்கு நெருங்கிய நார்த்திசு. சில ஆண்டுகள் தாங்கும், பிறகு தேயும்.

ஸ்வீடனில் லார்ஸ் பீட்டர்சனும் மாட்ஸ் பிரிட்பெர்கும் வேறு பாதையில் போனார்கள். நோயாளியின் முழங்காலிலேயே எடை அதிகம் தாங்காத ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பல மடங்கு பெருக்கி, மீண்டும் பள்ளத்துக்குள் வைத்துத் தைப்பது. 1987இல் தொடங்கிய இந்த முறையை 1994இல் 23 நோயாளிகளின் விவரத்தோடு வெளியிட்டார்கள். திசுப் பொறியியல் என்று இன்று சொல்லப்படும் துறையில் மனிதரிடம் நேரடியாகப் பயன்பட்ட முதல் சில வெற்றிகளில் இது ஒன்று. மூன்றே ஆண்டுகளில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியும் கிடைத்தது.

அதிலும் ஒரு சிக்கல். குருத்தெலும்புச் செல்லைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் பெருக்கப் பெருக்க அது தன் இயல்பை இழக்கிறது. குருத்தெலும்புக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டுத் தோலிலும் தழும்பிலும் இருக்கும் முதல் வகையைச் சுரக்கத் தொடங்குகிறது. தவிர, நல்ல மூட்டில் கைவைத்து, ஒன்றுக்கு இரண்டு அறுவை செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்டெம் செல்கள் பக்கம் கண் திரும்பியது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு சுண்டெலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகில் மனிதக் காது முளைத்த சுண்டெலியின் படம் 1990களின் பிற்பகுதியில் உலகம் சுற்றியது. மரபணுவில் கைவைத்தால் என்னவெல்லாம் நடக்கும் பாருங்கள் என்ற எச்சரிக்கையோடு பத்திரிகை விளம்பரங்களில்கூட வந்தது. உண்மையில் அந்த எலியில் ஆய்வாளர்கள் புதிதாக எந்த மரபணுவையும் புகுத்தவில்லை. கரையக்கூடிய பாலிமரைக் காது வடிவில் செய்து, அதன்மேல் கன்றின் குருத்தெலும்புச் செல்களை விதைத்து, அந்நியத் திசுவை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே இல்லாத எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள் சார்லஸ் வக்காந்தி குழுவினர். காதுக்குக் கேட்கும் திறனும் கிடையாது. அது வெறும் வடிவம். மரபணுவைப் பற்றிய பயம் தவறான இடத்தில் கிளம்பியது. மரபணு உண்மையாகவே உள்ளே நுழைந்தபோது இவ்வளவு பரபரப்பு இல்லை.

கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஆர்னல்ட் கேப்லன் 1991இல் ‘மெசென்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பரப்பினார். எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருக்கும் இந்தச் செல்கள், சூழலைப் பொறுத்து எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ கொழுப்பாகவோ மாறக்கூடியவை. (பின்னாளில், 2017இல், இந்தப் பெயரை மாற்றுங்கள் என்று கேட்டவரும் கேப்லன்தான். ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைகள் நடத்திய வியாபாரம் அவரை அந்த நிலைக்குத் தள்ளியது.) 1998இல் அதே நகரத்தைச் சேர்ந்த பிரையன் ஜான்ஸ்டன் குழுவினர் ஒரு செய்முறையைக் கண்டுபிடித்தார்கள். மஜ்ஜைச் செல்களைச் சோதனைக்குழாயின் அடியில் நெருக்கமாக உருண்டையாகத் திரட்டி, டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் புரதத்தைத் தொடர்ந்து ஊட்டினால், சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற திசு கிடைக்கும்.

‘தொடர்ந்து ஊட்டினால்’ என்பதில்தான் சங்கடம். ஆய்வகத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றி, புதிதாகப் புரதம் சேர்த்துக்கொண்டே இருக்கலாம். மனித மூட்டுக்குள் அது நடக்காது. புரதம் விலை அதிகம். உடலுக்குள் விரைவில் சிதைந்துவிடும். அதிக அளவில் ஊசி போட்டால் மூட்டின் சவ்வு தடித்து, வேண்டாத இடத்தில் எலும்பு முளைக்கும். அப்படியானால் புரதத்தைக் கொடுப்பதை விட்டுவிட்டு, அதைத் தயாரிக்கும் மரபணுவைச் செல்லுக்குள் கொடுத்துவிட்டால்? தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பதிலாக அரிசியும் அடுப்பும் கொடுத்துவிடுவது மாதிரி.

மூட்டுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் முயற்சி அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1996 ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் கிறிஸ்டஃபர் எவன்ஸ், பால் ராபின்ஸ் குழுவினர் முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட பெண்களின் விரல் மூட்டில் அதைச் செய்து பார்த்தார்கள். எப்படியும் செயற்கை மூட்டு வைத்துக்கொள்ள அறுவைக்குத் தயாராக இருந்த, மாதவிடாய் நின்ற ஒன்பது பெண்கள். அவர்களுடைய மூட்டுச் சவ்வின் செல்களை எடுத்து, அழற்சியைத் தடுக்கும் புரதத்தின் மரபணுவை ஒரு வைரஸ் வழியாக அவற்றுக்குள் ஏற்றி, மீண்டும் மூட்டில் செலுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, திட்டமிட்டபடி அந்த மூட்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. ஏதாவது தவறு நடந்திருந்தால் தவறும் மூட்டோடு வெளியே வந்திருக்கும். மரபணுச் சிகிச்சை வரலாற்றில் இவ்வளவு நேர்த்தியாகப் பாதுகாப்பை யோசித்த சோதனைகள் அதிகமில்லை. மரபணு வேலை செய்ததா? செய்தது. வெட்டியெடுத்த திசுவில் அந்தப் புரதம் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

குருத்தெலும்பை வளர்க்கும் வேலையோடு இது சேர்ந்த இடங்களில் ஒன்று வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம். அங்கே ஃபர்ஷித் கிலாக் என்ற உயிர்ப்பொறியியலாளர் ஏற்கெனவே 2007இல், செல்கள் பற்றி வளர ஒரு சாரத்தை நெய்திருந்தார். நெய்திருந்தார் என்பது இங்கே நேர்ப்பொருள். மருத்துவத் தையல் நூலில் பயன்படும், உடலில் கரையும் பாலிமர் இழைகளை மூன்று திசைகளிலும் பின்னி உருவாக்கிய துணி அது. மற்ற ஆய்வகங்களில் செய்த ஜெல்களும் பஞ்சுகளும் செல் வளர நல்ல இடம் கொடுத்தன. ஆனால் ஒருவர் எழுந்து நின்றால் நசுங்கிப்போயின. கிலாக்கின் நெசவு செல் ஒன்றும் இல்லாமலே, முதல் நாளிலிருந்தே, இயற்கைக் குருத்தெலும்புக்கு நெருங்கிய அளவில் சுமை தாங்கியது.

மரபணுப் பொறியியலாளர் சார்லஸ் கெர்ஸ்பாக்கோடு சேர்ந்து, 2014இல் அந்தச் சாரத்துக்கே மரபணுவைக் கொண்டுசேர்க்கும் வேலையையும் கொடுத்தார்கள். டிஜிஎஃப்-பீட்டா-3இன் மரபணுவைச் சுமந்த லென்டிவைரஸை, பாலிலைசின் என்ற ஒட்டும் பொருளின் உதவியால் இழைகளின் மேல் படியவைத்தார்கள். லென்டிவைரஸ் எச்ஐவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நோய் உண்டாக்கும் பகுதிகளை வெட்டிவிட்டு, செல்லின் மரபுத்தொகுதிக்குள் மரபணுவை நுழைக்கும் திறனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். பிறகு மனித மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் சாரத்தில் ஊற்றினார்கள். செல்கள் இழையில் ஒட்டும்போதே வைரஸைப் பெற்றுக்கொண்டன. தமக்குத் தேவையான வளர்ச்சிப் புரதத்தைத் தாமே சுரந்தன. வெளியிலிருந்து ஊட்டாமலே, ஊட்டி வளர்த்ததற்கு இணையான குருத்தெலும்புத் திசு கிடைத்தது. முன்பெல்லாம் செல்லை எடுத்து, தனியாக மரபணு மாற்றி, பெருக்கி, பிறகு சாரத்தில் சேர்க்கும் நீண்ட வேலை இருந்தது. அது ஒரே படியாகச் சுருங்கியது.

அழகான ஆய்வு. ஆனால் அது பதில் சொல்லாத கேள்விதான் கடைசியில் பெரியதாக வந்து நிற்கிறது. வளரச் சொல்லியாயிற்று. நிறுத்தச் சொல்வது யார்?

கருவில் கை கால் உருவாகும்போது குருத்தெலும்புதான் முதலில் வருகிறது. பிறகு அதுவே எலும்பாக மாறுகிறது. ஸ்டெம் செல்லுக்கு நினைவிருப்பது இந்தப் பாதைதான். சோதனைக்குழாயில் குருத்தெலும்பாகத் தெரியும் திசு, பத்தாம் வகைக் கொலாஜனையும் சேர்த்தே சுரக்கிறது. அது செல் பருத்து, எலும்பாவதற்குத் தயாராகிவிட்டது என்பதன் அடையாளம். அதை எலியின் தோலுக்கடியில் வைத்தால் இரத்தக் குழாய் ஊடுருவுகிறது, சுண்ணாம்பு படிகிறது, சில வாரங்களில் எலும்பாகிவிடுகிறது. குருத்தெலும்பை உருவாக்குவதைவிட அதைக் குருத்தெலும்பாகவே நிறுத்திவைப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான கடினம் என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடுகிறது. 2020இல் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் சான், மைக்கேல் லாங்கேக்கர் குழுவினர் சுண்டெலிகளில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஸ்டெட்மன் பாணியில் துளை போட்டு ஸ்டெம் செல்களை எழுப்பி, எலும்பாகும் பாதையில் முதல் அடி எடுத்துவைக்க ஒரு புரதத்தையும், இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்க இன்னொன்றையும் கொடுத்தார்கள். செல்கள் பாதி வழியில், குருத்தெலும்பு நிலையிலேயே நின்றன.

மரபணு முறையில் நிறுத்தத் தெரியாததன் விலை இன்னும் அதிகம். நுழைந்த மரபணு செல் உள்ளவரை இருக்கும். செல் சரிதானா என்பதே தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்கொரியாவில் ஒரு பாடம் கிடைத்தது. கோலோன் நிறுவனத்தின் ‘இன்வோசா’ என்ற முழங்கால் ஊசிக்கு 2017 ஜூலையில் அந்நாடு அனுமதி கொடுத்தது. கூடுதல் விரலோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவையில் நீக்கிய விரலிலிருந்து எடுத்த குருத்தெலும்புச் செல். அதற்குள் டிஜிஎஃப்-பீட்டா-1 மரபணு. ஊசி போடும் முன், செல் பெருகாமலிருக்கக் கதிர்வீச்சு. இதுதான் ஆவணத்தில் இருந்தது. 2019இல் அமெரிக்கச் சோதனைக்காகச் செல்லின் மரபு அடையாளத்தைப் பரிசோதித்தபோது உண்மை வெளியானது. மரபணு ஏற்றிய செல் குருத்தெலும்புச் செல்லே அல்ல. வைரஸைத் தயாரிக்க ஆய்வகங்களில் பயன்படும், மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லிலிருந்து வந்த ஜிபி2-293 என்ற செல். தொடக்க காலத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தபோது அதைத் தயாரித்த செல்லும் கூடவே கலந்து, உண்மையான செல்லைத் தள்ளிவிட்டுத் தான் பெருகியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் 3,700 பேருக்கும் மேல் ஊசி போட்டாகிவிட்டது. விற்பனை நின்றது, உரிமம் ரத்தானது, வழக்குகள் வந்தன. ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு முதலில் தடுத்து நிறுத்திவிட்டு, விவரங்களை ஆராய்ந்து, 2020இல் சோதனையைத் தொடர அனுமதித்தது. கதிர்வீச்சு என்ற பழைய முன்னெச்சரிக்கைதான் அந்த மருந்தை முற்றாகச் சாகாமல் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

கிலாக்கின் குழு, அவர் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, நிறுத்தச் சொல்வது யார் என்ற கேள்வியைத்தான் விடாமல் துரத்துகிறது. 2016இல் இடுப்பு மூட்டின் பந்து வடிவத்துக்கே சாரத்தை நெய்து, கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அதில் வளர்த்தார்கள். இந்த முறை ஏற்றிய மரபணு அழற்சியை அடக்குவது. அதற்கு ஒரு விசையும் இருந்தது. டாக்சிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் கொடுத்தால் மரபணு வேலை செய்யும், நிறுத்தினால் நின்றுவிடும். தேய்ந்த மூட்டு அழற்சிப் புரதங்கள் நிறைந்த இடம். அங்கே புதுக் குருத்தெலும்பைக் கொண்டுபோய் வைத்தால் அதையும் அரித்துவிடும். வளர்த்த திசு தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் வேண்டும் என்று யோசித்தது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

மாத்திரை போடுவதையும் நோயாளியிடம் விடவேண்டாம் என்று நினைத்தார்கள் போலும். அடுத்த ஆண்டே கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைப் பயன்படுத்தி, அழற்சி வந்தால் விழித்துக்கொள்ளும் ஒரு மரபணுவின் இடத்தில் அழற்சியை அடக்கும் மரபணுவை எழுதினார்கள். சுண்டெலி ஸ்டெம் செல்களில் செய்த வேலை. தீ பற்றினால் செல்லே அணைக்கும், அணைந்தால் ஓய்ந்துவிடும். 2021இல் இன்னொரு படி: பன்றியின் குருத்தெலும்புச் செல்லில், அழுத்தத்தை உணரும் டிஆர்பிவி-4 என்ற வாயிலோடு மரபணுவை இணைத்து, சுமை விழும்போது மட்டும் மருந்து சுரக்கும்படி செய்தார்கள். படியேறினால் மருந்து, உட்கார்ந்தால் இல்லை. இவற்றில் எதுவும் இன்னும் மனித முழங்காலுக்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் சோம்பலல்ல. லென்டிவைரஸ் மரபுத்தொகுதியில் எங்கே போய் அமரும் என்பதை முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. மூளையைச் சிதைக்கும் ஓர் அரிய நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் இறந்துவிடக்கூடிய குழந்தைகள் அவர்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் வழியாக இரத்த ஸ்டெம் செல்லில் மரபணு கொடுத்து, இரத்தக்கசிவை நிறுத்தியதாக அதே ஆண்டு டிசம்பரில் செய்தி வந்தது. அங்கேயும் எடைபோட்டுப் பார்த்தால் தராசு சிகிச்சையின் பக்கமே சாயும். முழங்கால் வலி யாரையும் கொல்வதில்லை. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு உலோக மூட்டு இருக்கிறது. அவற்றில் பத்துக்கு எட்டு 25 ஆண்டுகள்வரை தாங்குவதாக 2019இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டுகிறது. சிக்கல் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளும் ஆண்களில் மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுகிறது. வளர்த்த குருத்தெலும்பு முதலில் தேடி வரவேண்டியது இவர்களைத்தான். ஆனால் இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழப்போகிறவர்கள் என்பதாலேயே, மரபுத்தொகுதியில் கைவைக்க அதிகம் தயங்கவேண்டியவர்களும் இவர்கள்தான்.

இடைவெளியில் சந்தை புகுந்துவிட்டது. மஜ்ஜையையோ கொழுப்பையோ உறிஞ்சி, சுழற்றி, முழங்காலில் ஊசி போட்டு ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று பணம் வாங்குவது அமெரிக்காவிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் 475 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று வகைச் செல்களில் எதுவும், ஓராண்டு முடிவில், மலிவான ஸ்டீராய்டு ஊசியைவிட வலியை அதிகம் குறைக்கவில்லை. சாரமில்லை, கட்டளையில்லை, வெறும் செல்லை வெறும் மூட்டில் விட்டால் அது என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

மரபணுவே இல்லாமல் முன்னேறியவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில் ஐவன் மார்ட்டின் குழுவினர் மூக்கின் நடுத்தடுப்பிலிருந்து குருத்தெலும்புச் செல்லை எடுத்து வளர்த்து முழங்காலில் வைக்கிறார்கள். பத்துப் பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. மூக்குச் செல் வயதானாலும் இளமையாகவே நடந்துகொள்கிறது. முழங்காலில் வைத்தால் முழங்காலின் குணத்தை ஏற்றுக்கொள்கிறது. எலும்பாகிவிடும் தொல்லையும் குறைவு. ஸ்டெம் செல்லோடு முப்பது ஆண்டுகளாகப் போராடுகிறவர்களுக்கு இது சற்று எரிச்சலூட்டும் செய்தியாகக்கூட இருக்கலாம்.

பிட்ஸ்பர்க்கில் விரல் மூட்டில் தொடங்கிய எவன்ஸ், மேயோ மருத்துவ மையத்துக்குப் போன பிறகும் அழற்சியைத் தடுக்கும் அதே புரதத்தை விடவில்லை. வைரஸை மட்டும் மாற்றினார். மரபுத்தொகுதிக்குள் பெரும்பாலும் நுழையாத ஏஏவி வைரஸில் ஏற்றி, முழங்கால் தேய்மானமுள்ள ஒன்பது பேருக்கு நேரடியாக ஊசி போட்டதன் முடிவு அண்மையில் வெளியானது. பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை. புரதம் ஓராண்டு வரை மூட்டுக்குள் சுரந்துகொண்டிருந்தது. இதில் செல் மாற்றம் கிடையாது, சாரம் கிடையாது, புதுக் குருத்தெலும்பு வளர்க்கும் எண்ணமும் கிடையாது. இருப்பதை அரிக்காமல் காப்பது மட்டுமே நோக்கம். மரபணுவும் குருத்தெலும்பும் சேர்ந்த இந்த நீண்ட கதையில், இன்வோசாவை விட்டுவிட்டுப் பார்த்தால், நோயாளிக்கு மிக அருகில் வந்திருப்பது வளர்க்கும் ஆசையையே ஒதுக்கிவைத்த முறை.